மாவுக்குத் தடையில்லை

“என் உயிரே போனாலும் இந்தக் கிடங்கை விட்டு ஒரு மணி சோளம் வெளியே போகாது!” என்று ஊர்க் கூட்டத்தில் முழங்கினேன். யாரும் கைதட்டவில்லை. தட்டத் தெம்பில்லை.

மழை பொய்த்து இரண்டாவது வருஷம். நிவாரணமாகக் கப்பலில் வந்த மக்காச்சோளம் கிடங்கு நிறையக் கிடந்தது. மரபணு மாற்றிய சரக்கு. மணியாகக் கொடுத்தால் யாராவது விதைத்துவிடுவார்கள், நம் சோளமும் கெட்டுவிடும்; மாவாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று தலைநகர் ஹராரேயிலிருந்து உத்தரவு. ஊர் மில்லிலோ டீசல் இல்லை. வரும்வரை பூட்டிவை என்று கிடங்குப் பொறுப்பாளனான எனக்கு இன்னொரு உத்தரவு. அதற்குள் ஊரில் இரண்டு பிஞ்சுகளைப் புதைத்தாயிற்று. உத்தரவு எட்டாத எலிகள் மட்டும் உள்ளே கொழுத்துக்கொண்டிருந்தன.

என் மனைவி பெயர் நெட்சாய். எங்கள் ஷோனா மொழியில் ‘தொல்லை கொடு’ என்று அர்த்தம். மாமனார் ஒளிக்காமல்தான் பெயர் வைத்திருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

கூட்டம் கலையுமுன் அவளே எழுந்தாள்.

“ஃபராய் அப்பா, எங்க அண்ணன் மகளுக்கு எந்திரிச்சு நிக்க முடியல. அந்தச் சோளத்துல என்னதான் பயம்?”

“முளைச்சிடும்!”

“முளைக்காதுன்னா?”

“அப்புறம் என்ன பயம்? மாவு எங்கயாச்சும் முளைக்குமாடீ?”

“அப்ப மாவு வெளிய போனா பரவாயில்லையா?”

“தாராளமா போகட்டும்! மாவுக்கு யாரு தடை போட்டா?”

ஊரே கேட்டது. சட்டத்தை என்னைப்போல் தெளிவாகச் சொல்ல யாருண்டு என்று நெஞ்சு நிமிர வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மூட்டைகளைப் பார்வையிடக் கதவைத் திறந்தேன். பின்னாலேயே உரல், உலக்கையோடு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு சோளத்தை இடித்தார்கள்.

“ஏய், என்ன அநியாயம் இது? வெளிய போங்க!”

“சோளத்த விட்டுட்டா? அது வெளிய போகக் கூடாதுல்ல? அதான் உள்ளயே இடிக்கிறோம்” என்றாள் நெட்சாய்.

“அனுமதி யார் குடுத்தா?”

“நீங்கதான். நேத்து, ஊர் முன்னாடி.”

மத்தியானம் மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

“ஒரு மணிகூட வெளிய போகல. மாவுதான் போகுது. சட்டப்படி சரி” என்றவர், என் பக்கம் திரும்பினார். “ஏன்யா, உலக்கைன்னு ஒண்ணு இருக்கிறது உனக்கு இத்தனை நாளாத் தெரியாதா?”

அந்த இரண்டு பிஞ்சுகளின் தாய்மார்களும் இடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தை அவள்மேல் கொட்டினேன். “சட்டத்தையே ஏமாத்திட்டியேடீ!”

கூழ் கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சட்டத்த நான் எங்க ஏமாத்துனேன்? உங்களத்தான்.”