வெட்டி எடுத்த நாற்பது விநாடி

எங்க வீட்டுக்காரர் ஒரு கடையில் பில் போடுகிறவர். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் எதிரில் உட்காருவதால் தான் ஒரு இன்ஜினியர் என்று நினைப்பு. நான் அஞ்சாவது வரை படித்தவள். நானும் அப்படியே நினைத்துக்கொள்வேன். வீட்டில் சண்டை வராது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணினாள்.

"குழந்தை பொறந்தப்ப ஆஸ்பத்திரியில உன் கொழுந்தன் வீடியோ எடுத்தானே, அனுப்பேன்டி. உங்கப்பா குரலைக் கேக்கணும் போல இருக்கு."

அப்பா போய் மூணு வருஷம். அவர் குரல் இருப்பது அந்த ஒரு வீடியோவில்தான்.

"ஒரு மணி நேர வீடியோ, அப்படியே போகாது. சுருக்கணும்," என்றார் இவர்.

"புடவைன்னா துவைச்சாலே சுருங்கும். இது எப்படிங்க?"

"சொன்னா உனக்குப் புரியாது."

காலையில் போனோடு உட்கார்ந்தவர் மத்தியானம்தான், "முடிஞ்சுது!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒருத்தருக்கும் மூக்கு இல்லை. குழந்தை எது, தலையணை எது என்று தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அப்பா வர வேண்டிய இடம் வந்தது. அப்பா வரவில்லை.

"அப்பா பேசுறது எங்கேங்க?"

"அதுவா... சைஸ் அதிகம். கொஞ்சம் வெட்ட வேண்டியதாப் போச்சு."

"ஒரு மணி நேரத்துல அந்த நாப்பது விநாடிதான் கனமா இருந்துச்சா?"

இவர் நெற்றியைத் துடைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தில்தான் நர்ஸ் குழந்தையை இவர் கையில் கொடுப்பாள். இவர் ஓவென்று அழுவார். பக்கத்து ரூம்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்பா இவர் முதுகைத் தடவி, "பயப்படாதீங்க மாப்பிள்ளை. இன்னும் பல் முளைக்கலை, கடிக்காது" என்பார்.

இப்போது நாலு வயதாகும் மகளிடம் இவர் சொல்லி வைத்திருப்பதோ, "நீ பொறந்தப்ப அப்பா சிங்கம் மாதிரி நின்னேன்!"

"அம்மா கேட்டதே அதைத்தானேங்க?"

"உங்கண்ணன் வீட்டுல எல்லாரும் பாப்பாங்கடி. என் மானம் என்ன ஆகுறது?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. "சரிங்க. நீங்க சாப்பிடுங்க, நான் அனுப்பிடுறேன்," என்று போனை வாங்கிக்கொண்டேன்.

சுருக்கியதற்குப் பக்கத்திலேயே அந்த வெட்டிய துண்டும் இருந்தது. அழிக்க மனசு வந்திருக்காது. அப்பா என்றால் இவருக்கும் உயிர். அடுப்படிக்குப் போய்ச் சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். "பயப்படாதீங்க மாப்பிள்ளை..." அதே கரகரப்பு. சட்டைப் பையில் மாத்திரை டப்பா குலுங்குவதுகூடக் கேட்டது. நாலு தடவை கேட்டேன்.

சின்னத் துண்டுதானே, சுருக்காமலே போயிற்று. மூக்கும் முழியுமாக. மற்றதை அனுப்ப மறந்துவிட்டேன். படிக்காதவள்தானே.

இவர் கை கழுவும்போது அம்மா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் அண்ணன் வீடே சிரித்தது. இவர் கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லுடி," என்றாள் அம்மா. "ரொம்ப நல்லாச் சுருக்கியிருக்கார். ஒரு மணி நேரத்துல பாக்க வேண்டியது அது ஒண்ணுதானே!"