தற்காலிக மாதிரி சேகரிப்பு நிலையம்

காலையில் கொடுத்த போத்தல்கள் அத்தனையும் மத்தியானம் காலியாகவே திரும்பி வந்தன.

பேராசிரியர் கேதீஸ்வரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குள் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

"என்ன பிள்ளை இது? ஒராள் கூடத் தரேல்லையே. வெக்கப்படுகினமோ?"

"வெட்கமெல்லாம் இல்ல மேடம்," என்றாள் ஜீவராணி. "உள்ள ஒன்னுமில்ல. தண்ணி குடிச்சாத்தானே வரும்?"

"ஏன் குடிக்கினமில்லை?"

"குடிச்சா போகணும். மலையில போக எடமில்ல."

பேராசிரியர் ஆச்சரியப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடமாக மலைநாட்டில்தான் படிப்பிக்கிறார். ஆனால் தேயிலையை அவர் கோப்பைக்குள் பார்த்ததுதான் அதிகம்.

கொழுந்து பறிக்கும் பெண்களின் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. பல துறைகள் சேர்ந்து கேட்டால்தான் பல்கலைக்கழகம் நிதி தரும் என்பதால் மூன்று துறைகள் சேர்ந்திருந்தன. மருத்துவ பீடத்துக்குச் சிறுநீர், உயிரியல் துறைக்கு அதிலுள்ள கிருமி, சமூகவியல் துறைக்கு அதைக் கொடுப்பதிலுள்ள வெட்கம் என்று பங்கு பிரித்திருந்தார்கள். வெட்கத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் கஜதீபனின் முகம் வாடிவிட்டது. வெட்கம் இல்லையென்றால் அவருக்கு இங்கே என்ன வேலை?

ஜீவராணி வட்டகொடைக்கு மேலே இருக்கும் இதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் பிறந்தவள். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். இப்போது தற்காலிக ஆய்வு உதவியாளர். வழிகாட்டுவது, மலைப் பேச்சை மற்றவர்களுக்கு மாற்றிச் சொல்வது, போத்தல் சுமப்பது எல்லாம் அவள்தான். பல்துறை என்றால் உண்மையில் அவள் ஒருத்திதான்.

சம்பளத்துக்காக மட்டும் அவள் இதில் சேரவில்லை. போன வருடம் அவளுடைய அம்மா மீனம்மா சிறுநீரகத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். மீனம்மா மறுபடி மலைக்குப் போனாள், மறுபடி தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு வரி இருந்தது: முதல் கட்டத்தில் நோய் உறுதியானால், இரண்டாம் கட்டத்தில் மலையிலேயே நிரந்தரக் கழிப்பறை. அந்த ஒரு வரிக்காகத்தான் ஜீவராணி போத்தல் சுமந்தாள்.

"அப்ப தண்ணி குடுப்பம்," என்றார் பேராசிரியர்.

கொடுத்தார்கள். பெண்களும் குடித்தார்கள். போத்தல் நிரம்பியது. போத்தல் நிரம்பினால் நின்றுவிடும் என்று மூன்று துறையும் நினைத்திருந்தன. மலையில் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது.

ஆள் கண்ணுக்குப் படாத இடம் தேடிப் பேச்சியம்மாவும் இன்னும் மூன்று பேரும் வடிகால் கானைத் தாண்டிப் புதர்ப் பற்றைக்குள் போனார்கள். பற்றைக்குள் குளவிக்கூடு இருந்தது.

நாலு பேரையும் லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலையை மேற்பார்க்கும் கண்டாக்கய்யா வந்து நின்று, போனவர்களுக்கெல்லாம் அரைப்பேர்தான் என்றார். பாதி நாள் சம்பளம் போச்சு.

"குளவி கொட்டுனதுக்குமா அய்யா அரைப்பேரு?" என்று ஜீவராணி சண்டைக்குப் போனாள்.

"குளவி கொட்டுனதுக்கு இல்ல. கொழுந்து நெரைய விட்டுப் போனதுக்கு. ஏன் போனாங்க? தண்ணி குடிச்சாங்க. யாரு குடுத்தா? நீங்க குடுத்தீங்க. இத்தன வருசமா இந்த மலையில யாராச்சும் ஒன்னுக்குப் போறேன்னு கேட்டிருப்பாங்களா?"

முகம் பூசணிக்காயாக வீங்கித் திரும்பிய பேச்சியம்மா, "அடியே ராணி, ஒன் ஆராய்ச்சிக்கு மூத்திரம் போதுமா, இல்ல உசுரும் வேணுமா?" என்று கேட்டாள்.

கூடாரம் வாங்கலாம் என்றாள் ஜீவராணி. ஆனால் நிதியில் கக்கூசு என்று ஒரு தலைப்பே இல்லை. கஜதீபன் ஒரு நாள் முழுக்க யோசித்து, 'தற்காலிக மாதிரி சேகரிப்பு நிலையம்' என்று பெயர் வைத்தார். உடனே காசு வந்தது. பச்சை நிறத்தில், ஜிப் வைத்த கூடாரம். வாசலில் பலகை: ஆய்வில் பங்குபற்றுவோருக்கு மட்டும்.

"அப்ப நாங்க?" என்று கேட்டார் உயிரியல் விரிவுரையாளர்.

"நாங்கள் போகேலாது. அது ஆய்வுச் சாமான். கணக்காய்வு வந்தா ஆர் பதில் சொல்றது?" என்றார் பேராசிரியர்.

பெண்களுக்குக் கொண்டாட்டம். மீனம்மா முதல் தடவை உள்ளே போய்விட்டு வந்து, "நின்னு நிதானமா போனேன் புள்ள. யாரு வர்றான்னு பாக்கவே இல்ல," என்றாள். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த முகம். பக்கத்து மலைப் பெண்களும் நாங்களும் ஆராய்ச்சிக்கு வர்றோம் என்று வரிசையில் நின்றார்கள். கொழுந்து நிறுவையில் குறைந்தது. யூனியன்காரன் செய்த சதி என்று கண்டாக்கய்யா தோட்ட மேலாளரான துரையிடம் போய்ச் சொல்ல, துரை தோட்ட அலுவலகமான கந்தோரின் கழிப்பறையையும் வெளியாட்களுக்குப் பூட்டிவிட்டார். பாவம், ஆராய்ச்சிக் குழு பின்னேரம் டவுனுக்கு இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி நீட்டினால் பேராசிரியர் பாம்பைக் கண்ட மாதிரி பின்வாங்கினார்.

இப்படியே சில வாரம் போய், கடைசியில் போத்தல்கள் நிரம்பிப் பெட்டியில் ஏறின. ஒப்பிட்டுப் பார்க்கக் கொழுந்து பறிக்காதவர்களுடையதும் வேண்டுமாம். ஆள் பிடிக்க நேரமில்லாததால் டிரைவர் நிரோஷன் உட்படக் குழுவிலிருந்த ஐந்து பேருமே ஆளுக்கொரு போத்தல் கொடுத்தார்கள்.

முடிவு வந்தது.

"தொழிலாளர் ஒராளுக்கும் ஒரு வருத்தமும் இல்லை பிள்ளை," என்றார் பேராசிரியர். செத்த வீட்டில் பேசுகிற குரல். "நல்ல சுத்தமான சிறுநீர். இரண்டாம் கட்டம் இனி இல்லை."

"மேடம், தண்ணி குடுத்தோம், கூடாரம் குடுத்தோம், அதான் நல்லாயிட்டாங்க! ரெண்டையும் எடுத்துட்டு ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க."

"அப்பிடிச் செய்யேலாது. மனுசருக்குத் தெரிஞ்சுகொண்டே தீங்கு செய்யிறதுக்கு நெறிமுறைக் குழு விடாது."

"அப்ப இத்தன வருசமா நடந்தது?"

"அது எங்கட ஆராய்ச்சிக்கு முந்தி நடந்தது. அதுக்கு நெறிமுறைக் குழு பொறுப்பில்லை."

மறுநாளே கூடாரத்தைச் சுருட்டி வேனில் ஏற்றினார்கள். ஆராய்ச்சி முடிந்தால் சாமான் திரும்பவேண்டும். மீனம்மா கொழுந்துச் சாக்கோடு நின்று பார்த்தாள்.

"நாங்க நல்லா இருக்கோம்னு ரிப்போட்டா?"

"ஆமாம்மா."

"நல்லா இருந்ததும் குத்தமாப் போச்சாக்கும்."

ஜீவராணி அதோடு விடவில்லை. நிதிக்குழுக் கூட்டத்தில், யாரும் பேசச் சொல்லாமலே எழுந்தாள். "மூணு டிபார்ட்மென்டு சேர்ந்து எங்க பொம்பளைங்க மூத்திரத்த அளந்தீங்க. அவங்க அத எங்க போவாங்கன்னு ஒருத்தரும் அளக்கல. எங்கம்மா திரும்ப ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும், அப்பதான் ஒங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பதிவு செய்து கொள்கிறோம்" என்றார். அடுத்த தலைப்புக்குப் போனார்கள்.

வேலை போச்சு என்றுதான் நினைத்தாள். ஆனால் கொஞ்ச நாளில் பேராசிரியரே போன் எடுத்தார்.

"பிள்ளை, உங்கட அம்மா ஆக்கள் வேலை செய்யிற ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கழிப்பறை பாஸாயிட்டுது! நிரந்தரக் கட்டடம், தண்ணித்தாங்கியோட. துரையும் காணி தர ஓமெண்டிட்டார்."

ஜீவராணி லயத்து வாசலில் நின்று அழுதாள். படித்து என்ன கிழித்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இனிக் காட்ட ஒரு கட்டடம் இருந்தது.

கல் வந்தது, சீமெந்து வந்தது, வெள்ளை வெளேரென்று டைல்ஸ் வந்தது. பெண்கள் அத்திவாரத்தில் சூடம் கொளுத்தினார்கள். வீக்கம் வடிந்திருந்த பேச்சியம்மா சுவரைத் தடவி, "தொரை பங்களாவுல கூட இப்பிடி இருக்காதுடி. ராணி வாயி சும்மா வாயா?" என்றாள்.

கதவு மாட்டுகிற அன்று மீனம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும்போதே ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். எல்லோரும் பார்க்க, மூச்சுவிடாமல் அதைக் குடித்து முடித்து, முந்தானையில் வாயைத் துடைத்தாள்.

"தம்பி சோலமல, வேலை முடிஞ்சிருச்சா? அக்காவுக்கு ரொம்ப நேரம் தாங்காது."

மேசன் சோலைமலை பூட்டை ஒரு தடவை பூட்டித் திறந்து சரிபார்த்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்லக்கா, ஆராய்ச்சிக்கு வந்து போன அஞ்சு பேருக்கும் மூத்திரத்துல கிருமியாம், அடுத்த ஆராய்ச்சிக்கு வரும்போது அவங்க போறதுக்குத்தான் இத கட்டச் சொன்னாங்க; சாவிய ஒங்க மக கையில மட்டுந்தான் குடுக்கணுமாம்."