ஜிக்கர் அண்ணன் வாய் மூடிய சாயங்காலம்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசக்கூடிய மனிதர் உலகத்திலேயே எங்கள் விருத்தாசலத்தில்தான் இருக்கிறார்.

செராமிக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் அவருக்கு. சுழலும் அச்சில் களிமண்ணைப் போட்டு, மேலிருந்து தகட்டை இறக்கினால் சாசர் உருவாகும். அந்த மெஷினுக்குப் பெயர் ஜிக்கர். அதையே அவருக்கும் வைத்துவிட்டோம். ஒருநாள் அவர் மகள் செல்வி செல்போனில் பார்த்து, "அப்பா, இந்த வார்த்தைக்கு இன்னும் நெறைய அர்த்தம் இருக்குதுப்பா" என்றாள். அன்றோடு எங்கள் நிம்மதி போனது.

அந்தக் காலத்துக் கப்பலில் பின்பக்கம் கட்டுகிற சின்னப் பாய், ஜிக்கர். சாராயம் அளக்கிற குட்டிக் கிண்ணம், ஜிக்கர். துணிக்குச் சாயம் ஏற்றுகிற மெஷின், பழைய கோல்ஃப் மட்டை, காலில் புகுந்து முட்டையிடுகிற பூச்சி, எல்லாமே ஜிக்கர். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் மங்கலம்பேட்டைக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் பாதியில் இறங்கிவிடுவார்.

செல்வியைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பத்திடம், அவர்கள் கேசரி சாப்பிடும்போது, அந்தப் பூச்சியைப் பற்றி விவரமாகச் சொன்னார். அவர்கள் கேசரியையும் முடிக்கவில்லை, சம்பந்தத்தையும் முடிக்கவில்லை.

அடுத்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தார்கள். இந்தப் பையனைச் செல்விக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ அவரு பக்கத்துலயே குந்திக்க. அந்த வார்த்த வாயில வந்துச்சுன்னா தொடையில கிள்ளு. நல்லா கிள்ளு."

பையனின் அப்பா கேட்டார்: "நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். "கம்பெனியில... மெஷினுங்க."

"எந்த மெஷினு?"

"சாசரு செய்யறது."

"அதுக்கு ஒரு பேரு இருக்குமில்ல?"

அண்ணன் என் விரல்களைப் பார்த்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆளுக்கு வேலையே இல்லை போல என்று அவர்கள் நினைப்பது முகத்தில் தெரிந்தது.

காபியோடு வந்த செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்கப்பா ஜிக்கர் ஓட்டறாருங்க. நீ சொல்லுப்பா. கப்பல்லேர்ந்து ஆரம்பி."

ஆரம்பித்தார். சமையற்கட்டில் அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். காபி ஆறி ஆடை கட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ முனகினார்கள். பையனின் அப்பா எழுந்திருக்கவில்லை.

"இருங்க சம்பந்தி. பெரிய பாய் இருக்கறப்ப அந்தச் சின்னப் பாய் எதுக்குங்க?"

அண்ணி தலையிலிருந்து கையை எடுத்தார்.

செல்வி இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறாள். அண்ணன் மகளைப் பார்க்க லீவு போடுகிற நாளில் எங்கள் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது.

ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை.