சீட்டுக்கு அடியில் எலுமிச்சை

விமானம் கண்டுபிடிக்கப்பட்டதே பறப்பதற்காக அல்ல, பறக்கும் முன் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் என்று நம்பும் ஒரே மனிதர் எங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஊருக்கு அவர் 'மொதல்ல' அண்ணாச்சி.

நூல் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, ஷெட்டில் தானே பூட்டி, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைச் செய்துவிட்டார். அதற்கு அனுமதி வாங்க அலைந்த கதையை எழுதினால் இந்தப் பத்திரிகையில் விளம்பரத்துக்கும் இடமிருக்காது. பஸ்ஸில் ஏறினால்கூட அவசர வழிக் கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இரண்டு கண்டக்டர்கள் அவரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

விமானத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். காக்பிட்டில் உட்கார்ந்து, அட்டையில் எழுதியதை ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்து, கையால் தொட்டுச் சரிபார்ப்பார். நடுவில் யாராவது பேசினால் போச்சு.

"மொதல்ல இருந்து!"

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குச் சென்னைக்கு ரயில். திங்களன்று புது வேலை. கல்லூரி விடுமுறை முழுவதையும் அந்த ஷெட்டில் போல்ட் முடுக்கியே கழித்தவன் நான். அதில் பறக்காமல் ஊரைவிட்டுப் போவதில்லை என்ற முடிவோடு இருந்தேன். காலை ஒன்பது மணிக்கு மேல் மலைக்காற்று ஏறிவிடும். அதற்குள் கிளம்பியாக வேண்டும்.

ஊருக்கு வெளியே பழைய ஓடுதளத்தில், பக்கத்து சீட்டில் நான் இருக்க, அண்ணாச்சி விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கையும் ஆட்டிப் பார்த்து, கிட்டத்தட்ட அட்டையை முடித்துவிட்டார். ஆடு மேய்க்க வந்த ஒருவர் உள்ளே தலையை நீட்டினார். "அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"கெடுத்தீரே வே! மொதல்ல இருந்து!"

"ஸ்டிக்கை இப்பதான பாத்திய? காத்து ஏறிரும்லா!" என்றேன்.

"நீ பேசுனதுக்கும் சேத்து மொதல்ல இருந்துலே."

இரண்டாம் சுற்றில் ஓர் ஆடு ஓடுதளத்தின் நடுவே வந்து படுத்தது. அண்ணாச்சி அட்டையோடு இறங்கி விரட்டப் போனார். பாபநாசம் கோயிலில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தைச் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி அம்மா கொடுத்திருந்தாள். இதுதான் சமயமென்று உருட்டிவிட்டேன்.

மூன்றாம் சுற்று. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். பாதியில் நின்றது. அது முழுசாகப் பின்னால் வந்தால்தான் விமானத்தின் மூக்கு மேலே தூக்கும். மறுபடி இழுத்தார். ஊஹூம். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஸ்டிக்கின் கம்பிகளுக்கு இடையில் சிக்கிய பழத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பார்ட்டை நான் மாட்டலயே?"

"அம்மா குடுத்தது அண்ணாச்சி. பாதுகாப்புக்கு."

"சட்டைப்பையில கெடந்தா பாதுகாக்காதாலே?"

பழத்தை என் பையில் போட்டு, பித்தானையும் மாட்டிவிட்டார். திட்டவில்லை. மறுபடி 'மொதல்ல இருந்து' ஆரம்பித்தார். பாதிச் சுற்றில் காற்று ஏறிவிட்டது. விமானம் ஷெட்டுக்குத் திரும்பியது.

"ரயிலுக்கு நேரமாவுதுலா, கெளம்பு" என்றார்.

"ரயில் போவட்டும் அண்ணாச்சி. காலைல வாரேன்."

ஞாயிறு காலை, ஆடுகள்கூட வாய் திறக்கவில்லை. பறந்தோம். மேலிருந்து பார்த்த அணையையும் ஆற்றையும் பற்றிக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கிளம்பும் முன் நடந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அட்டையில் இருக்கிறது. அண்ணாச்சி தன்னுடையதை ஒருமுறை இழுத்தார். என்னுடையதை இரண்டு முறை.