சோபாவிலிருந்து முந்துகிறவர்கள்

பிறருடைய எலும்பை முதலாகப் போட்டுத் துணிச்சல் காட்டுகிற ஓர் இனம் பெங்களூரில் பெருகி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதாவது ஓர் அப்பார்ட்மென்டில் ஏறிப் பாருங்கள். டிவியில் பைக் ரேஸ் ஓடும். எதிரே சோபாவில் ஓர் ஆசாமி சாய்ந்திருப்பார். பைக் வளைவில் இடப்பக்கம் படுத்தால் அவரும் படுப்பார், வலப்பக்கம் படுத்தால் காப்பி டம்ளரோடு வலப்பக்கம் படுப்பார், அவருடைய வலது மணிக்கட்டு மட்டும் சோபாவின் கையை ஆக்ஸிலேட்டர் என்று நினைத்து ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். அவரேதான்.

எங்கள் தொம்மலூரில் இந்த இனத்தின் அசல் மாதிரி சந்தானம். ஆபீசில் அவருக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? ரிஸ்க் மேனேஜர்! எதில் எவ்வளவு ஆபத்து, அதை எப்படித் தவிர்ப்பது என்று கம்பெனிக்குச் சொல்லத்தான் சம்பளம். அவர் ஸ்கூட்டரில் போனால் தள்ளுவண்டிக்காரர் முந்திக்கொண்டு போய்விடுவார். அது நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிவியைப் போட்டதும் இதே மனிதர், "ரிஸ்க் எடுக்காதவனுக்கு என்னய்யா ரிவார்டு?" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். யாராவது விழுந்தால் ரீப்ளே வரும்வரை இடத்தைவிட்டு அசையமாட்டார். விழுந்தவன் எழுந்தானா என்று காட்டும்போதுதான் அவருக்குப் பாத்ரூம் ஞாபகம் வரும்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பின்தெருவிலேயே ஒரு நிஜ ரேஸர் கிடைத்துவிட்டாள். எத்திராஜின் மகள் லாவண்யா. பொம்மசந்திராவில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, லீவு நாளில் ரேஸ். இந்த சீசன் தொடக்கத்தில் விழுந்ததில் உடைந்த தோள் எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கடைசி ரேஸில் இரண்டாவதாக வந்தாலே போதும், அடுத்த வருடம் சம்பளத்தோடு டீமில் இடம். விழுந்தால் இடமும் போகும், தோளும் போகும். இந்த நேரம் பார்த்து வீடு தேடிப் போய் உபதேசம் பண்ணாமல் சந்தானத்தால் இருக்க முடியுமா? துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"செகண்ட் வர்றதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டே? சும்மா சும்னே பயப்படாதேம்மா. கடைசி வளைவுல உள்ள பூந்துடு!"

"கேப் இருந்தா பாக்கறேன் அங்கிள். ஈரமா இருந்தா மாட்டேன்."

"சாம்பியன் இப்படிப் பேசமாட்டா."

எத்திராஜ் குறுக்கிட்டார். "இன்னொரு வாட்டி விழுந்தா கையையே தூக்க முடியாதுன்னுட்டாரு சார் டாக்டரு."

"டாக்டருக்கு ரேஸைப் பத்தி என்ன சார் தெரியும்?"

இவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பின்தெருவில் அவ்வளவு மரியாதை.

ரேஸ் அன்று எத்திராஜ் மகளோடு சென்னை டிராக்குக்குப் போய்விட்டார். நான் சந்தானம் வீட்டு டிவி முன்னால். டிராக்கில் தூறல் பிடித்துக்கொண்டது. கடைசிச் சுற்று, கடைசி வளைவு. முதலில் போனவள் கொஞ்சம் வெளியே விலக, உள்பக்கம் இடம் திறந்தது. லாவண்யா அதற்கு நேர் பின்னால். நுழைந்தால் முதலிடம். கீழே தார் நனைந்து பளபளத்தது.

"போ! போ! விடாதே!" சந்தானத்தின் மணிக்கட்டு சோபா உறையையே கிழித்துவிடும் போலிருந்தது.

லாவண்யா போகவில்லை. ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, பைக்கை நிமிர்த்தி, இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள். டீமில் இடம் உறுதி! தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு எத்திராஜ் அழுததை கேமரா காட்டியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"சே! தைரியமே கிடையாது. என் ஞாயித்துக்கிழமையே வேஸ்ட்," என்றார் சந்தானம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ருக்குவின் குரல் வந்தது. "ஏன்னா, கொத்தமல்லி தீந்துபோச்சு. எதிர்க் கடையில வாங்கிண்டு வாங்கோ."

சந்தானம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இங்கேயும் தூறல் போட்டிருக்கு. ரோடெல்லாம் வழுக்கும்டி. கொத்தமல்லி இல்லாமலே ரசம் வை."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கடைசி வளைவில் இடம் திறந்ததும், பிளேட் வைத்த தோளை மறந்து, "போயேன்!" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? அவள் போகாதபோது கொஞ்சம் சப்பென்று ஆனதா? அப்படியானால் தயவுசெய்து உங்கள் வலது மணிக்கட்டை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.