தேக்குத் தாய்ப்பலகை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்காமல் விட்டது மனித குலம் செய்த பெரும் பிழை. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நகர வடிகால் அலுவலகத்தின் 'கணினி உறுப்புகள் தேர்வு உயர்மட்டக் குழு'வுக்குச் சிலை வைத்துவிடலாம். சக்கரக்காரன் கூட்டம் கூட்டவில்லை, குறிப்பு எழுதவில்லை, எவரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை. தோன்றியதைச் செய்து உருட்டிவிட்டுப் போய்விட்டான். அதனால்தான் அது இன்றுவரை ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. குழுவின் படைப்பு அப்படிப்பட்டதல்ல. வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

இந்த மகத்தான பணிக்குக் குறுக்கே நின்றவள் ஒருத்தி உண்டு. அலுவலகத்தில் அவளுக்கு 'மேப்பம்மா' என்று பெயர். ஊரின் தெருக்களையெல்லாம் கணினிக்குள் வரைந்து, எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கால்வாய் எவ்வளவு அகலம் என்று ஊட்டி, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. சம்பளம் தருவது அந்த வேலையைச் செய்வதற்காகத்தான் என்று அவள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாள். நல்ல பெண்தான். யாரும் எடுத்துச் சொல்லவில்லை, பாவம்.

அவளுடைய கணினி கிழடு. கணக்கு பாதி ஓடும்போதே உறுமத் தொடங்கும், பெட்டி கொதிக்கும், திரை கறுத்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் தண்ணீரை இறைத்துத் தள்ளும் பெரிய பம்ப் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் பள்ளத் தெருவில் வைப்பதா, சந்தைத் தெருவில் வைப்பதா என்று மழைக்கு முன் முடிவு செய்தாக வேண்டும். பள்ளத் தெருவில் அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே மேப்பம்மா தன் வாயால் அந்தத் தெருப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று இருந்தாள். கணக்கு சொல்லட்டும், அப்போது யாரும் என்னைக் கை நீட்டிப் பேச முடியாது என்பது அவள் எண்ணம். நேர்மை என்பது ஒரு வியாதி. இளம் வயதில் வந்தால் குணப்படுத்துவது கஷ்டம்.

கணினிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்டி, பவர் சப்ளை எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. மதர்போர்டும் புராசசரும் மட்டும் மாத்துங்க. உங்க கணக்குக்கு நிறைய கோர், அதாவது ஒரே நேரத்துல பல கணக்கு ஓட்டற மூளைங்க, இருக்கிற புராசசரா வேணும். ஆனா ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். சாக்கெட் மாறிப்போச்சுன்னா உக்காராது" என்றார். நாள் கணக்கில் அலசி ஆராய்ந்து, ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு மாடல்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவள் அலுவலகத் தலைவரின் அறைக்குப் போனாள்.

தலைவர் எதையும் ஆற அமரக் கேட்பவர். கேட்ட பிறகும் ஆற அமரத்தான் இருப்பார்.

"ஏம்மா, பெட்டி இருக்கு, டிவி இருக்கு. அப்புறம் என்ன குறை?"

"அது டிவி இல்ல சார், மானிட்டர். பெட்டிக்குள்ள மதர்போர்டுன்னு ஒண்ணு இருக்கும் சார். எல்லாத்தையும் தாங்கிட்டிருக்கும். அதுமேல புராசசர் உக்காந்திருக்கும். நிஜமா வேலை செய்யறது அதுதான். அது சரியில்லேன்னா விளக்கு எரியும், காத்தாடி சுத்தும், சத்தம் வரும், சூடாகும். பாக்கறவங்களுக்குப் பெரிசா ஏதோ நடக்கிற மாதிரியே இருக்கும். ஆனா உள்ள ஒண்ணும் நடக்காது சார்."

தலைவருக்கு இதில் என்ன குறை என்று விளங்கவில்லை. இருந்தாலும் பெருந்தன்மையுடன் குழு ஒன்றை அமைத்தார்.

குழுவில் முதலாமவர் தூய்மை அலுவலர். வடிகால் அலுவலகத்தில் தூய்மை அலுவலர் என்றால் சாக்கடையைத் தூய்மை செய்பவர் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் மனத்தின் அழுக்கு. அவர் தூய்மை செய்தது மொழியை. மேப்பம்மாவின் கோரிக்கையை வாங்கி, மதர்போர்டை 'தாய்ப்பலகை' என்றும் புராசசரைச் 'செயலி' என்றும் மாற்றினார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் அழகான சொற்கள், மேப்பம்மாவுக்கே பிடித்திருந்தன. ஆனால் மாடல் பெயர்களில் இருந்தவை அந்நிய எழுத்துகள் என்பதால் அவற்றை அடித்துவிட்டார். மிஞ்சியது இவ்வளவுதான்: 'தாய்ப்பலகை ஒன்று. செயலி ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துதல் வேண்டும்.'

"சார், மாடல் பேரு இல்லேன்னா எதை வாங்கணும்னு எப்படித் தெரியும்?"

"தாயை எந்த மாடல்னு கேட்பியாம்மா?" என்றார் தூய்மை அலுவலர். கண்கலங்கவும் செய்தார். கண்கலங்கியவரிடம் என்ன வாதாடுவது? அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்து விஷயம் கொள்முதல் அலுவலரிடம் போயிற்று. அவர் பொருளைப் பார்க்க மாட்டார், சொல்லை மட்டும் பார்ப்பார். பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. 'பலகை' என்று இருந்ததால் முதல் உறுப்பு மரச்சாமான் பிரிவுக்குப் போனது. 'செயலி' என்பது கணினிக்குள் இருக்கும் சில்லுக்கும் பெயர், கைபேசியில் விரலால் தட்டித் திறக்கிறோமே, அந்த 'ஆப்'புக்கும் பெயர். கொள்முதல் அலுவலருக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். அதைச் செய்து தருவதற்கென்றே அவருக்கு ஒரு மச்சானும் இருந்தான்.

ஒருநாள் காலை மேப்பம்மா வேலைக்கு வந்தபோது கூட்ட அறை மேசைமேல் கட்டில் நீளத்துக்கு ஒரு பலகை கிடந்தது. நல்ல தேக்கு. இழைத்து, மெருகு போட்டு, மூலைகளைக் கூட உருட்டியிருந்தார்கள். குழு அதைச் சுற்றி நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன சார்?"

"தாய்ப்பலகை."

"சார், இது மரம்!"

"பின்ன? தாய்க்கு ஒட்டுப்பலகையிலயா செய்வாங்க?" என்றார் கொள்முதல் அலுவலர். அவர் முகத்தில் உண்மையான வருத்தம். "சின்னதா போதும்னான் ஆசாரி. நான்தான் விடலை. மத்த எல்லாத்தையும் தாங்கணும்னு சார்கிட்ட நீதானேம்மா சொன்னே?"

"இது பெட்டிக்குள்ள போகாது சார்."

"பெட்டியைப் பெரிசு பண்ணிக்கலாம். அதுக்குத் தனிக் குழு போட்டுக்கலாம்."

தலைவர் கையை உயர்த்தினார். அவர் தம் கைபேசியை எடுத்தார். அதில் மச்சான் செய்து கொடுத்த செயலி ஏற்கெனவே இருந்தது. திறந்தால் ஒரு பூ விரியும். கேள்வியை வாயால் கேட்டால் போதும், தேன் ஒழுகும் பெண் குரலில் பதில் வரும். காலத்துக்கேற்ற நுட்பம். தட்டக்கூட வேண்டாம், எந்நேரமும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்கும்.

"பொருந்துதல் வேண்டும்னு எழுதியிருக்கு. முதல்ல அதைப் பாத்துடுவோம்" என்றார் தலைவர்.

கைபேசியைப் பலகையின் நடுவில் வைத்தார். எல்லோரும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கைபேசி வழுக்கவில்லை, விழவில்லை.

"உக்காந்துடுச்சு!" என்றார் கொள்முதல் அலுவலர்.

"'அமர்ந்தது' என்று சொல்லுங்கள்" என்றார் தூய்மை அலுவலர்.

பொருத்தம் இவ்வாறு ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்டது. பிஸ்கட் வந்தது. மேப்பம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசி முயற்சியாகக் கைபேசிப் பக்கம் குனிந்து கேட்டாள்: "மழை பெஞ்சா பள்ளத் தெருவுல தண்ணி நிக்குமா?"

பூ விரிந்தது. "நல்ல கேள்வி! தங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது."

"அடடா, மனுஷன் மாதிரியே பேசுது!" என்று தலைவர் பூரித்துப் போனார்.

"மனுஷன் மாதிரி இல்ல சார், நம்ம ஆபீஸ் மாதிரி பேசுது" என்றாள் அவள். குழு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது.

பிறகு தலைவரே கேட்டார்: "பம்ப்பை எங்க வைக்கலாம்?"

'எங்கே' என்று கேட்டால் மட்டும் அந்தச் செயலிக்கு வேறொரு பதில் தெரியும். "தங்களுக்கு மிக அருகில் உள்ள இடத்தைப் பரிந்துரைக்கிறேன்."

"அது நீங்க நிக்கிற இடம் சார்!"

"எவ்வளவு துல்லியம் பாத்தியா? நான் நிக்கிறது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அப்போதுதான் மேப்பம்மா இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததை வாய்விட்டுச் சொன்னாள். "சார், கெஞ்சிக் கேக்கறேன். பம்ப்பைப் பள்ளத் தெருவுல வைங்க."

"கணக்கு இருக்கா?"

"கணக்குப் போடத்தான் சார் புராசசர் கேட்டேன்."

தலைவர் மெதுவாகச் சிரித்தார். "உங்க அக்கா கடை அங்கதானேம்மா இருக்கு?"

அவள் முகம் சிவந்துவிட்டது. எதற்குப் பயந்து இத்தனை நாள் பேசாமல் இருந்தாளோ அதுவே நடந்தது. பொதுப்பணத்தில் வாங்கிய பம்ப்பைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் ஈனச்செயல் தம் அலுவலகத்தில் நடக்காது என்று தலைவர் அறிவித்தார். பம்ப் அலுவலக வாசலில் நிறுத்தப்பட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் மேப்பம்மா கடையில் நுழைந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். புராசசர் என்றால் என்ன, அது இல்லாத பெட்டி எப்படி உறுமும், எப்படிச் சூடாகும் என்று அவள் சொல்ல, அக்கா ஊசியில் நூல் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அழாதே, துணிகளை மேல் தட்டுல வெச்சுக்கிறேன்" என்றாள்.

மழை வந்தது. குழுவைக் கலந்தாலோசிக்காமல் வந்தது. விடிந்ததிலிருந்து கொட்டிற்று. பம்ப்பும் தன் கடமையில் குறை வைக்கவில்லை. உறுமி உறுமி அலுவலக முற்றத்தை ஒரு சொட்டு இல்லாமல் உறிஞ்சித் தள்ளியது. தள்ளிய தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமல்லவா? சரிவு இருந்த பக்கம் போயிற்று. எந்தப் பக்கம் சரிவு என்பதை, கணக்குப் போடாமலேயே தண்ணீர் தெரிந்து வைத்திருந்தது. பெய்த மழையும் இறைத்த நீரும் சேர்ந்து பள்ளத் தெருவில் நுழைந்தன.

மேப்பம்மா கூட்ட அறைக்கு ஓடினாள். காவலாளியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தாய்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கடைக்குள் முழங்கால் தண்ணீர். மேல் தட்டுகள் எப்போதோ துணிகளால் நிறைந்துவிட்டன. பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து முடித்திருந்த சீருடைகளில் பாதி மிதந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு தையல் மிஷினை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இரண்டு பெஞ்சுகளின் மேல் பலகையைப் போட்டு மிஷின்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அந்தத் தாய்ப்பலகையில் உருப்படியாக ஏதாவது பொருந்தியது என்றால் அன்றைக்குத்தான். ஆனால் துணிகள் போனது போனதுதான். பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது, வாங்கிய துணிக்கு எப்படிப் பணம் கட்டுவது என்ற யோசனையோடு அக்கா நனைந்த சட்டைகளைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தங்கையால் அதைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் தலைவர் 'நேரடி ஆய்வு'க்கு வந்து சேர்ந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், குடை பிடிக்க ஓர் ஆள், பின்னால் குழு. வந்தவர் வாசலிலேயே நின்று, தண்ணீரைப் பார்க்கவில்லை, துணிகளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! எவ்வளவு பாரம் தாங்குது! மரம்னு சொன்னியேம்மா? குழு தப்பு பண்ணுமா?" குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "உலகத்துல எந்தத் தாய்ப்பலகையாவது தண்ணியில நனைஞ்சும் வேலை செஞ்சு பாத்திருக்கீங்களா?" சட்டையில் குத்தியிருந்த அலுவலக வில்லையின் சின்ன விளக்கு மினுமினுத்தது. கழுத்தில் மாட்டியிருந்த குட்டி மின்விசிறி விர்ரென்று சுற்றியது. பேசப் பேச முகம் சிவந்து வியர்த்தது.

அக்கா சட்டையைப் பிழிவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். இதற்கு முன் அவரைப் பார்த்தவளில்லை. பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள்:

"ஏன்டி, விளக்கெரியும், காத்தாடி சுத்தும், சத்தம் போடும், சூடாகும், ஆனா உள்ள வேலை செய்யற சாமான் மட்டும் இருக்காதுன்னு அன்னிக்குச் சொன்னியே. அது இவருதானா?"

குழு தண்ணீரைப் பார்த்தது. குடைக்காரன்கூடக் கூரையைப் பார்த்தான். தலைவரின் சட்டைப் பையிலிருந்துதான் பதில் வந்தது, தேன் ஒழுகும் குரலில்:

"நல்ல கேள்வி! தங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது."