மேட்டு நிலத்துக்கு ஒரு மனு

"ஆபீசர் கேம்ப் போயிருக்காரு" என்ற பதில்தான் இரண்டாவது தடவையும் கிடைத்தது. திருச்சி மண் பாதுகாப்பு ஆபீஸ் பியூன் அடைக்கலராஜ் தலையைத் தூக்காமலே சொன்னார். வந்தவன் யார், எந்த ஊர் என்று கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

உப்பிலியபுரத்து மலையடிவாரத்தில் சின்னையனுக்கு நாலு ஏக்கர். மழைக்கு மழை மேல்மண் கரைந்து ஓடையோடு போய்க்கொண்டிருந்தது. சர்க்கார் இலவசமாக வரப்பு போட்டுத் தருகிறது என்று கேள்விப்பட்டு ஆடியிலேயே மனுப் போட்டிருந்தான். ஐப்பசி மழைக்குள் வரப்பு வராவிட்டால் பாறையில்தான் சோளம் விதைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் மனைவி மயிலம்மாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"பேண்ட் போட்ட ஆளு ஒருத்தரு அளவுச் சங்கிலியோட வந்தாருங்க. சின்னையன் நிலம் எது, அளக்கணும்னாரு."

நிலம் அதிகமாக வைத்திருப்பவர்களிடமிருந்து சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும் என்று அந்த வருஷம் ஊரெல்லாம் உச்சவரம்புப் பேச்சு. நூறு ஏக்கர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். நாலு ஏக்கர்க்காரனுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"நீ என்ன சொன்ன?"

"வெளியூர் போயிருக்காருன்னேன்."

"கெடுத்தியே. திரும்ப வருவான்ல? இனிமே வந்தா அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னுடு."

மறுநாளும் திருச்சிக்குப் பஸ் ஏறினான். ஆபீசர் கேம்ப். ஊரில் சங்கிலிக்காரர் வந்திருந்தார். மயிலம்மாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். அவர் நம்பவில்லை. "நாளைக்குக் கர்ணத்தை வச்சு விசாரிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஊர் நிலக் கணக்கு வைத்திருக்கிற கர்ணம் வந்தால் குட்டு உடைந்துவிடும். காலையில் சின்னையனே பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சங்கிலிக்காரரை மடக்கினான்.

"சின்னையனாங்க? பாவம், அவர் செத்து மூணு மாசம் ஆகுது."

அவர் அதிர்ந்து போய்க் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மயிலம்மாள் பதறித் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க வாயாலயேவா?"

"நிலம் தப்பிச்சுதா இல்லையா?"

நிலம் தப்பித்த தெம்பில் அடுத்த நாள் மறுபடி ஆபீஸுக்குப் போனான்.

"ஆபீசர் இருக்காருங்களா?"

"இருக்காரு, மனசு சரியில்லாம உக்காந்திருக்காரு. என்ன விஷயம்?"

"உப்பிலியபுரம் சின்னையன் மனு விஷயமாங்க."

அடைக்கலராஜ் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த வரப்புக்காகத்தான் ஐயா மூணு நாளா சங்கிலியும் கையுமா உங்க ஊருக்கு அலைஞ்சாரு. நேத்துதான் சேதி தெரிஞ்சுதாம்."

சின்னையன் தலையில் அடித்துக்கொண்டான். சுவரைப் பிடித்துக்கொண்டான். வெளியே ஐப்பசியின் முதல் தூறல் விழ ஆரம்பித்தது.

அடைக்கலராஜ் அவன் தோளை ஆதரவாகத் தட்டினார்.

"அழாதீங்க. மரணச் சர்டிபிகேட் கொண்டாந்தா வாரிசு பேர்ல போட்டுத் தருவாங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"